வரிசையில் நின்ற குடங்கள்

எங்கள் லைன் வீட்டுத் தெருவில் ஒரு குடம் என்றால் அது ஒரு ஆள். நாளைக்குத் தண்ணீர் வரும் என்று காற்றுவாக்கில் சேதி கிடைத்தால் போதும், விடிவதற்குள் பொதுக்குழாயிலிருந்து மளிகைக் கடை முக்குவரை குடங்கள் வரிசை கட்டிவிடும். எது யாருடையது என்று தெரிய வேண்டுமே, அதற்காக ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு பனியன் துணித் துண்டு. பனியன் கம்பெனியில் வெட்டியது போக மிஞ்சும் வேஸ்ட் துணிதான். பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பச்சை, எங்களுக்கு ஆரஞ்சு. அடுத்தவர் குடத்தை யாரும் நகர்த்தக் கூடாது. புருஷன் அடித்ததைக்கூட மறந்துவிடுவார்கள், குடத்தை நகர்த்தினவளை ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள்.

குடம் இடம் பிடிக்கும், சரி. நிரப்ப ஆள் வேண்டாமா? தண்ணீர் திறந்துவிடுவது முற்பகலில். அந்த நேரத்தில் தெருவில் ஈ, காக்காய் இருக்காது. அப்பா சாயப்பட்டறையில், அம்மா பனியன் கம்பெனியின் ஓவர்லாக் தையல் மெஷினில், மற்றவர்களும் அப்படியே ஆளுக்கொரு கம்பெனியில். நான் ஒரே பிள்ளை, பத்தாம் வகுப்பு. ஆகவே எங்கள் வீட்டுத் தண்ணீர் இலாகா என் கையில் இருந்தது. பக்கத்து வீடுகளுக்கும் முடிந்தவரை பிடித்து வைப்பேன்.

தண்ணீர் வரும் நாளில் எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. ஆனாலும் நான் யூனிபார்ம் போட்டுக்கொண்டுதான் குழாயடிக்குப் போவேன். சீக்கிரம் பிடித்துவிட்டால் ஓடிப்போய் மிச்ச வகுப்பிலாவது உட்காரலாம் என்று ஒரு நப்பாசை. ஒரு நாளும் அது நடந்ததில்லை. பாவாடை நனைந்ததுதான் மிச்சம். கடைசியில் வகுப்பு டீச்சர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: இப்படியே லீவு போட்டால் வருகைப்பதிவு போதாது, ஹால் டிக்கெட் வராது.

வீட்டில் சொன்னேன். பச்சைத் துணி அக்கா நல்ல மனதோடுதான் அம்மாவுக்கு யோசனை சொன்னாள். “பேசாம நம்ம கம்பெனிலயே கைமடியாச் சேத்தி உட்ருங்க அக்கா. புள்ளைக்கும் தொழில் ஆச்சு.” கைமடி என்றால் டைலருக்குத் துணியை எடுத்துக் கொடுத்து, தைத்ததை மடித்துப் போடுகிற வேலை. அம்மா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மூலனூர்ப் பக்கத்து விவசாயக் காட்டை விட்டுவிட்டு இந்த ஊருக்கு வந்ததே என்னைப் படிக்க வைக்கத்தான் என்று எல்லாரிடமும் பெருமையடிப்பவள் அவள்.

சர்ச்சுக்குப் பின்புறம் கன்னியாஸ்திரிகள் நடத்திய சேவை மையத்தில் சாயங்கால டியூஷனுக்குப் போய்க்கொண்டிருந்தேன். எங்களுக்கு முருகன்தான் எல்லாம். அதை அங்கே யாரும் கேட்டதில்லை. காய்ச்சலுக்கு மாத்திரையும் பிள்ளைகளுக்குப் பாடமும் கிடைக்கும், கூடவே பாடம் நடத்தும் சிஸ்டரிடம் திட்டும் கிடைக்கும். சிஸ்டர் தெற்கத்திக் கடற்கரைக்காரர். பேசினால் சண்டை போடுவதுபோல இருக்கும், சண்டை போட்டால் தெருவே கூடிவிடும். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். ஹால் டிக்கெட் விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த சாக்பீஸை வீசியெறிந்தார்.

“சாயங்காலம் நான் உக்காந்து சொல்லிக் குடுத்து என்னத்துக்கு? பகல் பூரா இவ குழாயடியில நிக்கா! தண்ணி விடுத நேரத்தையில்லா மாத்தணும்!”

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே எங்கள் தெருவுக்கு வந்துவிட்டார். நகராட்சி அலுவலகத்துக்கு எல்லாரும் காலிக் குடத்தோடு போகிறோம், ஷிப்ட் தொடங்குமுன் தண்ணீர் விடச் சொல்லிக் கேட்கிறோம் என்றார். பெண்கள் தயங்கினார்கள், அப்புறம் சூடு பிடித்தது. ஷிப்மெண்ட் அவசரம் இல்லாத ஒரு நாளாகப் பார்த்து, சூப்பர்வைசரைக் கெஞ்சி ஆளாளுக்குப் பர்மிஷன் வாங்கினார்கள். எனக்குத் தூக்கமே வரவில்லை. திருவிழாவுக்கு முந்தின நாள் மாதிரி இருந்தது.

அந்த நாள் பார்த்தா தண்ணீர் வர வேண்டும்! முந்தின சாயங்காலமே சேதி வந்துவிட்டது. தண்ணீர் வந்தால் நான் எங்கே ஊர்வலம் போவது? எல்லாரும் ஊர்வலம் போக, நான் மட்டும் யூனிபார்மோடு குழாயடிக்கு. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நகராட்சி வாசலில் நடந்ததை அம்மா இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள். சிஸ்டர் ஒரு பத்திரிகை நிருபரையும் வரவழைத்து வாசலில் காத்திருக்கிறார். கம்பெனிகளிலிருந்து நேராக எங்கள் தெருப் பெண்கள் வந்து இறங்குகிறார்கள். கையில் டிபன் பாக்ஸ் இருக்கிறது. குடம் ஒருத்தி கையிலும் இல்லை.

“குடத்த எங்க போட்டிய?” என்று சிஸ்டர் அலறியிருக்கிறார்.

“வரிசைல வெச்சுப்போட்டு வந்துட்டமுங்க சிஸ்டர்” என்றாள் அம்மா. “இன்னைக்குத் தண்ணி வருதுங்கள்ள?”

“போராட்டத்துக்குக் காலிக் குடம் கொண்டு வரணும்னு எத்தன தடவ சொன்னேன்! எடுத்துட்டு வரவேண்டியதுதான?”

“எடுத்தா எடம் போயிருமுங்களே!”

நிருபர் சிரித்துவிட்டார். சத்தம் கேட்டு வெளியே வந்த நகராட்சிப் பொறியாளரும் சிரித்தார். “குடமே இல்லாம குடிநீர்ப் போராட்டமாம்மா? அப்போ தண்ணிக்குக் கஷ்டம் இல்லைன்னுதானே அர்த்தம்?” பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிஸ்டர் மட்டும் நிமிர்ந்து நின்றார்.

“குடத்தப் பாக்கணுமா சார்? வாங்க, காட்டுதேன். இப்பவே வாங்க.”

கெஞ்சினாரா, மிரட்டினாரா என்பதில் அம்மாவுக்கே தெளிவில்லை. பொறியாளர் ஜீப்பில் ஏறினார். சிஸ்டரும் நிருபரும் ஏறினார்கள். அம்மாவையும் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார் சிஸ்டர். மற்றவர்கள் பர்மிஷன் முடிகிறதென்று கம்பெனிக்கு ஓடினார்கள்.

இங்கே எனக்கு எதுவும் தெரியாது. குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்துகொண்டிருந்தது. பிடித்த குடத்தைத் தூக்கி வைத்து அடுத்ததை இழுத்துக்கொண்டிருந்தபோது முக்கில் ஜீப் நின்றது. இறங்கியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். சாத்திய கதவுகள், வெயில், ஆளில்லாத தெரு. அதன் நீளத்துக்குப் பச்சையும் மஞ்சளும் நீலமுமாகத் துணி கட்டிய குடங்கள். வரிசையின் தலைமாட்டில் நான் ஒருத்தி.

பொறியாளர் குடங்களின் ஓரமாகவே நடந்து என்னிடம் வந்தார்.

“இந்தக் குடத்துக்கெல்லாம் ஆளுங்க எங்கேம்மா?”

“கம்பெனிக்குப் போயிருக்காங்க சார்.”

“நீ ஸ்கூலுக்குப் போகலையா?”

“தண்ணி வர்ற நாள்ல போறதில்லீங்க சார்.”

“எத்தனாவது?”

“பத்தாவதுங்க.”

அவர் மேலே ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் குழாய் ஒரு இருமல் இருமிவிட்டு நின்றுபோனது. வரிசையில் பாதிக்கு மேல் காலி. எங்கள் ஆரஞ்சுத் துணியும் அந்தப் பாதியில்தான் இருந்தது. சிஸ்டர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் நின்றதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

“நேரத்தை மாத்திப் பாக்கறேன் சிஸ்டர்” என்றார் பொறியாளர்.

“எப்ப சார்?” என்றார் சிஸ்டர் உடனே. மௌனம் அவ்வளவுதான் தாங்கியது.

பார்க்கிறேன் என்பவர்களை நம்பிச் சும்மா இருக்கிற ஆள் இல்லை அவர். எங்கள் தெருப் பெண்களை முறைபோட்டு இருவர் இருவராகக் கூட்டிக்கொண்டு அந்த அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். ஜீப்பைப் பார்த்த பிறகு பெண்களுக்கும் குளிர் விட்டுப்போயிருந்தது. மெஷினில் குனிந்தே பழகிய என் அம்மா, அதிகாரியின் மேஜைக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, “ஏனுங்க, எங்க தண்ணி என்னாச்சுங்க?” என்று கேட்டாளாம். அதைக் கேட்டபோது எனக்குச் சிலிர்த்துப் போயிற்று.

ஒரு நாள் விடியற்காலையில் தெருவே கூச்சல் போட்டது. திருடனோ என்று பயந்து எழுந்து ஓடினேன். தண்ணீர்! இருட்டு பிரியும் முன்னே குழாய் கொட்டுகிறது! ஆண்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குடம் தூக்குகிறார்கள். என் அப்பா தண்ணீர் பிடித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். பாதியைக் கொட்டினார். நான் குதித்தேன், வெட்கமில்லாமல் குதித்தேன்.

அதற்குப் பின் ஒரு நாள்கூட நான் லீவு போடவில்லை. ஹால் டிக்கெட் வந்தது.

முதல் பரீட்சையன்று காலையிலும் தண்ணீர் வந்தது. பழக்கதோஷத்தில் குடத்தைத் தேடினேன், வீட்டில் இல்லை. ஐயோ, வரிசையில் இடம் கிடைத்ததோ இல்லையோ என்று குழாயடிக்கு ஓடினேன். வரிசையின் முதல் இடத்தில் ஆரஞ்சுத் துணி கட்டிய எங்கள் குடம் நின்றது, விளிம்புவரை நிறைந்து. அம்மா வரிசைக் கடைசியில் நின்றிருந்தாள். விடியுமுன் அவள் குடத்தை வைத்த இடம் அதுதான். அங்கிருந்து எங்கள் குடத்தை முன்னால் நகர்த்தியது யார் என்று கேட்டேன்.

“தெருவே சேந்துதான் நகத்துச்சு” என்றாள் பச்சைத் துணி அக்கா. “இங்க உனக்கென்ன வேலை கண்ணு? போயிப் பரீச்ச எழுது, போ.”