குறை கேட்டு வந்த கடிதம்

ஃபெங் ருய்லான் அக்காவின் கண்ணில் மண்ணைத் தூவ சீனாவின் ஹெனான் மாகாணத்தில் ஆள் கிடையாது. எங்கள் செயற்கை வைர ஆலையில் இருபத்தாறு வருடமாகக் கல் பார்க்கிறவர். பச்சை விளக்கின் கீழ் கல் சிவப்பாக மின்னினால், உள்ளே கரி அணுக்களுக்கு நடுவில் ஒரு நைட்ரஜன் நுழைந்து, பக்கத்தில் ஓர் இடம் காலியாகக் கிடக்கிறது என்று அர்த்தம். தூக்கி டப்பாவில் எறிந்துவிடுவார். சனிக்கிழமைதோறும் டப்பா அரைவைக்குப் போய்விடும். அவரிடம் வேலை கற்ற நான் பாதி ஆயுளைப் பயந்தே கழித்தேன்.

எங்கள் பிரிவை மூடப்போவதாகப் பேச்சு அடிபட்ட மாதத்தில், ஒரு குவாண்டம் ஆய்வகத்திலிருந்து கடிதம் வந்தது. அப்படிச் சிவக்கும் குறையுள்ள கல் ஒன்றை மாதிரிக்கு அனுப்புங்கள், சரியாக இருந்தால் வருடம் முழுக்க வாங்குகிறோம் என்று. படித்தவர்களின் அடக்கம் என்று அக்கா சிரித்தார். விருந்தாளி ‘ஏதாவது இருந்தால் போதும்’ என்றால் கோழி அடிப்பதுதானே எங்கள் ஊர் வழக்கம். குற்றமே இல்லாத கல்லாகப் பொறுக்கி, சிவப்புப் பட்டில் சுற்றி அனுப்பினார்.

ஞாயிறன்று கல் திரும்பி வந்தது. இது ஒளியே விடவில்லை, எங்கள் வேலையே அந்தக் குறையோடுதான், வெள்ளிக்குள் சரியான கல் வராவிட்டால் வேறு ஆலையைப் பார்க்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். டப்பா முந்தின நாள்தான் அரைவைக்குப் போயிருந்தது. அடுத்த கல் விளையப் பத்து நாள் ஆகும். அக்காவின் ஒழுங்கு பதினோரு பேர் பிழைப்புக்கு உலை வைத்துவிட்டது.

மிச்சம் இருந்தது ஒரே கல். அக்காவின் கணவர் சாங்ஷுன் எங்கள் ஆலையில் கல் விளைவிக்கும் அழுத்த இயந்திரம் ஓட்டுகிறவர். கல்யாணத்துக்குத் தாமே விளைவித்து மோதிரத்தில் பதித்துக் கொடுத்தது. அக்கா அன்றைக்கே விளக்கில் காட்டினார். சிவந்தது. அதோடு பெட்டிக்குள் போனதுதான்.

மதியம் நூடுல்ஸ் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த அவரிடம் அக்கா போனார். எங்கள் காதெல்லாம் அங்கேதான்.

“அந்த மோதிரக் கல்லு வேணுங்க.”

“எது, குப்பைன்னியே, அதுவா?”

“ஆமா.”

“எடுத்துக்க. ஆனா ஒரு நாள் அதைப் போட்டுக்கிட்டு வேலைக்கு வா. அப்புறம் அனுப்பு.”

வியாழனன்று போட்டு வந்தார். கல் பார்க்கக் கையை நீட்டும்போதெல்லாம் விரலில் சிவப்பு எரிந்தது. சாயங்காலம் கூரியர்காரர் வந்து நின்றும், அரை மணி கழித்துத்தான் கழற்றினார்.

இத்தனை அருமையான குறையைப் பார்த்ததே இல்லை, தகடு தகடாக அறுத்துவிட்டோம் என்று ஆய்வகம் எழுதியது. பிரிவு பிழைத்தது. அக்காவுக்குப் பாராட்டுப் பத்திரம் கிடைத்தது, தரக் கட்டுப்பாட்டுக்காக.

சாங்ஷுன் புதுக் கல் ஒன்று விளைவித்துக் கொண்டுவந்தார், இந்த முறை குற்றமே இல்லாமல். அக்கா அதை விளக்கின் கீழ் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வேணாங்க,” என்றார். “இதுல ஒண்ணுமே இல்ல.”