முனிரத்தினம் குத்திக்கொண்ட நட்சத்திரம்

பிச்சாட்டூர் பக்கத்தில், ஆரணியாற்றை ஒட்டிய ஒரு கிராமம். அங்கே முனிரத்தினம் என்று ஒருவர் இருந்தார். அவர் அப்பா கூலிக்காரர், தாத்தாவும் கூலிக்காரர். முனிரத்தினம் மட்டும் ஏர் பிடித்ததில்லை, நாற்று சுமந்ததில்லை. அவருக்கு வேலை ஜமீன் மாளிகையில், அதுவும் ஜமீன்தார் உடுத்தும் அறைக்குள்ளே. வேட்டி மடித்துக் கொடுப்பது, அங்கிக்குப் பொத்தான் போடுவது, தலைப்பாகை கட்டிவிடுவது. இதில் என்னய்யா பெருமை என்று கேட்பீர்கள். இருந்தது, வேண்டிய மட்டும் இருந்தது.

அந்தப் பெருமைக்குக் காரணம் ஒரு நட்சத்திரம். 1928இல் வெள்ளைக்காரச் சர்க்கார் ஜமீன்தாருக்கு 'இந்திய நட்சத்திரம்' என்ற விருதைக் கொடுத்தது. பெயருக்கு முன்னால் 'சர்' போட்டுக்கொள்ளலாம். சென்னையில் கவர்னர் மாளிகையில் விழா. முனிரத்தினமும் கூடப் போனார். எதை எங்கே குத்த வேண்டும், நாடா எத்தனை விரல் கீழே தொங்க வேண்டும் என்று அங்கிருந்த ஒரு தபேதார் அவருக்குக் காட்டிக் கொடுத்தார். கழுத்தில் வெளிர்நீல நாடா, இரண்டு ஓரத்திலும் வெள்ளைக் கோடு. அதில் தொங்கும் பதக்கத்தில் கல்லில் செதுக்கிய ராணி விக்டோரியாவின் தலை. இடது மார்பில் வெள்ளிக் கதிர் விரிந்த நட்சத்திரம், அதன் நடுவே பொடிப்பொடி வைரம்.

விருதோடு வந்த சிறு புத்தகத்தை மேனேஜர் ஒருநாள் வாசித்துக் காட்டினார். முனிரத்தினத்துக்கு ஒரு தடவை கேட்டதே போதும். 1861இல் ராணி ஏற்படுத்தியது, மூன்று படிகள் உண்டு, நம்முடையது நடுப்படி என்று ஊரில் கண்ணில் பட்டவரை எல்லாம் நிறுத்திச் சொல்லுவார். நட்சத்திரத்தில் எழுதியிருக்கும் வாசகத்தை, "ஹெவன்ஸ் லைட் அவர் கைடு" என்று அட்சரம் பிசகாமல் ஒப்பிப்பார். வானத்து ஒளியே நமக்கு வழிகாட்டி என்று அர்த்தமாம். அவர் மனைவி தாட்சாயணிக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. "நட்சத்திரத்த உலையில போட்டா சோறு ஆவுமா?" என்பாள். அவர் காதில் வாங்க மாட்டார். விசேஷ நாளுக்கு முந்தின சாயங்காலம் பஞ்சில் விபூதியைத் தொட்டு ஒவ்வொரு கதிராகத் துடைப்பார். வேறு ஒருத்தர் தொட்டால் எரிந்து விழுவார்.

பதினேழு வருஷம் இப்படிப் போயிற்று. 1945இல் ஜமீன்தார் கண்ணை மூடினார். காரியம் முடிந்த கையோடு சென்னையிலிருந்து கடிதம் வந்தது. விருது பெற்றவர் காலமானால் சின்னங்களைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும், அது சட்டம். மேனேஜர் முனிரத்தினத்தைக் கூப்பிட்டு, பெட்டியைக் கட்டச் சொன்னார்.

நாடாவை மடித்து வைத்தார். ராணி தலைப் பதக்கத்தை வைத்தார். நட்சத்திரத்தைக் கையில் எடுத்தவருக்கு அதை வைக்க மனம் வரவில்லை. நான் துடைத்தது, நான் குத்தியது, முகம் தெரியாத எவனோ ஒரு குமாஸ்தா அலமாரியில் போட்டு மூடப்போகிறான் என்று நினைத்தார். விற்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குச் சத்தியமாக இல்லை. மடியில் கட்டிக்கொண்டார். "நட்சத்திரம் பெட்டியில இல்லீங்க" என்று மேனேஜரிடம் சொன்னார்.

மாளிகை அல்லோலகல்லோலப்பட்டது. உள்ளே யார் யார் வந்தது என்று மேனேஜர் கேட்டார். முனிரத்தினம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"காலைல செல்லியம்மா இந்தப் பக்கமா வந்தாளுங்க."

செல்லியம்மா வாசல் தெளிக்கிறவள். காரியம் முடிந்த வீட்டைக் கழுவிவிட அன்றைக்கு மட்டும் தாழ்வாரம் வரை வரச் சொல்லியிருந்தார்கள். அதற்கு மேல் ஒரு அடி வைத்தவள் இல்லை. அவள் திருடினாள் என்று முனிரத்தினம் சொல்லவில்லைதான். இந்தப் பக்கம் வந்தாள் என்றார், அவ்வளவுதான். இந்தச் சமாதானத்தை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் பதினோரு வருஷம் சோறு தின்றார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

அவளை வேலையை விட்டுத் துரத்தினார்கள். பொருள் கிடைக்காததால் போலீஸ் மூன்று நாள் வைத்திருந்து அனுப்பியது. 'நட்சத்திரக்காரி' என்று ஊரில் பெயர் ஒட்டிக்கொண்டது. அறுப்புக்கு, களையெடுப்புக்குக் கூப்பிடுவார்கள். வீட்டுக்குள் விட மாட்டார்கள். எதிரே வந்தால் முனிரத்தினம் வேறு சந்தில் திரும்பிவிடுவார். நட்சத்திரம் அவர் வீட்டுப் பரணில், பழைய அங்கிக்குள் கிடந்தது. எடுத்துப் பார்க்கவும் வெட்கம், எறியவும் மனசில்லை.

ஜமீனும் ஒழிந்தது, வெள்ளைக்காரனும் போனான். ஆந்திரம் தனி மாநிலமாகி மூன்றாம் வருஷம், எல்லைத் தகராறு உச்சத்தில் இருந்தது. எந்த ஊர் ஆந்திரத்துக்கு, எந்த ஊர் சென்னை மாநிலத்துக்கு என்று ஆளாளுக்கு மனு எழுதினார்கள். திருப்பதி பங்களாவுக்கு ஒரு அதிகாரி வருகிறார், மனு வாங்குகிறார் என்று சேதி வந்தது. பள்ளிக்கூட வாத்தியார் ஜெயச்சந்திரன் ஊரைத் திரட்டினார். புத்தூர்க்காரர், வேலைக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. பழைய கதை எதுவும் அவருக்குத் தெரியாது.

"ஊருக்கு ரெண்டு பேரத்தான் உள்ள வுடுவாங்களாம். மனுவ நான் படிக்கிறேன். நீங்க ஜமீன்ல இருந்தவரு, தெலுங்கும் நல்லா பேசுவீங்க. நீங்க வாங்க நைனா" என்று வாத்தியார் முனிரத்தினத்தைக் கூப்பிட்டார். "அந்த அதிகாரி நிமிந்து பாக்கிற மாதிரி ஒரு ஆளு வேணும்."

அங்கேதான் கெட்டது. நிமிர்ந்து பார்க்கிற மாதிரி என்ற சொல்லில் முனிரத்தினத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சர்க்கார் மனுஷன் எதைப் பார்த்து நிமிர்வான் என்று இந்தத் தாலுகாவில் அவரை விட யாருக்குத் தெரியும்? உள்ளே போகிறது இரண்டே பேர். ஊர் வெளியே மரத்தடியில் நிற்கும். வாத்தியார் கேட்டால் ராஜா கொடுத்துவிட்டுப் போனது என்று சொல்லிவிடலாம். பரணிலிருந்து எடுத்து, விபூதியால் துடைத்து, கறுப்புக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

இரண்டு லாரியில் ஊரே கிளம்பியது. செல்லியம்மாவும் ஏறினாள். தலைக்கணக்குக் காட்ட வேண்டும், அதனால் அவளையும் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பங்களா நடையில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, இடது மார்பில் அளவு பிசகாமல் நட்சத்திரத்தைக் குத்திக்கொண்டு முனிரத்தினம் உள்ளே போனார். அதிகாரி கதர் சட்டைக்காரர், வடக்கே கோதாவரிப் பக்கம். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. வாத்தியார் மனுவைப் பிரிப்பதற்குள் அவர் கண் நட்சத்திரத்தில் நின்றுவிட்டது. இது என்ன என்று தெலுங்கில் கேட்டார். போதாதா? 1861, விக்டோரியா, மூன்று படி, நாடாவின் நிறம், ஹெவன்ஸ் லைட், எல்லாவற்றையும் முனிரத்தினம் மூச்சுவிடாமல் கொட்டினார். வாத்தியார் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு நெளிந்தார்.

அதிகாரி நல்ல மனுஷன், அதுதான் வினை. வயதானவரின் உற்சாகத்தைப் பார்த்து அவருக்குச் சிரிப்பும் பிரியமும் வந்துவிட்டது. மனுவை வாங்கி வைத்துக்கொண்டு, "வாருங்கள், உங்கள் ஊர் ஜனங்களையும் பார்த்துவிடுவோம்" என்று முனிரத்தினத்தின் தோளில் கை போட்டு வெளித் தாழ்வாரத்துக்கு அழைத்து வந்துவிட்டார். நட்சத்திரத்தைக் கையால் மறைக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை.

நல்ல வெயில். ஊர் மொத்தமும் எதிரே நின்றது. மார்பில் நட்சத்திரம் பளீரென்று மின்னியது. முன்னால் நின்றவர்கள் அதைப் பார்த்தார்கள், அப்புறம் செல்லியம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். முனிரத்தினத்தின் முகத்தில் ஈயாடவில்லை. பூமி பிளந்து விழுங்கிவிடாதா என்று இருந்தது அவருக்கு.

செல்லியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு படிக்கு அருகில் வந்தாள். கோபமாகக் கத்துவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் தலையைச் சாய்த்து அதை நன்றாகப் பார்த்தாள்.

"முனிரத்தினம்ணா, நான் திருடுனது இதத்தானா? நான் பாத்ததே இல்லியே. கொஞ்சம் இப்டி திரும்பு, பாத்துக்கிறேன்."

அதிகாரி, "ஏமன்டோந்தி?" என்று முனிரத்தினத்தைக் கேட்டார். என்ன சொல்கிறாள் இவள்?

உண்மையைச் சொல்லியிருக்கலாம், அந்த ஒரு நிமிஷம் கையில் இருந்தது. முனிரத்தினம், "சால சந்தோஷமன்டோந்தி சார்" என்றார். ரொம்பச் சந்தோஷம் என்கிறாளாம்! அதிகாரிக்குத் தமிழ் தெரியாது என்பதுதான் அவர் நினைப்பில் இருந்தது. எதிரே நிற்கிற அத்தனை பேருக்கும் தெலுங்கு தெரியும், சந்தைக்கும் தாலுகா கச்சேரிக்கும் அதைப் பேசித்தான் பிழைக்கிறார்கள், செல்லியம்மா உட்பட என்பது அந்த மனுஷனுக்கு மறந்தே போய்விட்டது.

செல்லியம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். திரும்பி நடையில் நின்ற வாத்தியாரையும், அவர் பின்னால் உள்ளே மேசைமேல் கிடந்த மனுவையும் பார்த்தாள். பிறகு அதிகாரியிடம், "அவுனு சார். சால சந்தோஷம்" என்று ஆமோதித்துக் கும்பிட்டுவிட்டு மரத்தடிக்குப் போனாள்.

ஊர் மனு கெட்டுவிடக் கூடாது என்றுதான் அவள் அப்படிச் சொன்னாள். அது முனிரத்தினத்துக்கும் புரிந்தது. செருப்பால் அடித்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது. திரும்பி வரும்போது லாரியில் அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை, யாரும் திட்டவும் இல்லை. வீட்டுக்கு வந்து மூன்று நாள் அவர் சோற்றில் கை வைக்கவில்லை. தாட்சாயணி ஒரே வார்த்தைதான் கேட்டாள். "எனக்கே தெரியாம இத வச்சிக்கினு எங்கூட இத்தினி வருசம் இருந்தியா?"

நாலாம் நாள் பொன்னியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. முனிரத்தினம் எழுந்து நின்று, நான்தான் எடுத்தேன், அவள் பெயரை நான்தான் இழுத்துவிட்டேன் என்று எல்லாவற்றையும் சொன்னார். நட்சத்திரத்தைச் சித்தூர் கலெக்டருக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்ப, வாத்தியாரை விட்டே கடிதம் எழுதச் சொன்னார்.

அடிப்பார்கள், காறித் துப்புவார்கள் என்று எதிர்பார்த்து நின்றார். நடந்தது என்ன தெரியுமா? "இந்தக் காலத்துல யாருய்யா இப்டி ஒத்துக்குவான்? பெரிய மனசு வேணும்" என்று ஆளாளுக்கு உச்சுக்கொட்டினார்கள். ஏழுமலை என்கிற ஊர்ப் பெரியதனக்காரர் எழுந்து வந்து அவரைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். நடவுக்குப் போயிருந்த செல்லியம்மாவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்ல ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அதைக் கண்டதும் முனிரத்தினத்துக்கு முன்னை விட அசிங்கமாக இருந்தது. எழுந்து நேராக வயலுக்குப் போனார்.

"சொல்லிட்டேன் செல்லியம்மா. ஊரு முன்னாடி எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

அவள் நாற்றுமுடியைக் கீழே வைக்கவில்லை. "கேள்விப்பட்டேன். உன்னப் பக்கத்துல குந்தவச்சிக்கினாங்களாமே."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த ஊர்ல சொல்லி எனக்கு இன்னா? எம் பொண்ணு சுந்தரியக் கட்டிக்குடுத்த ஆறாம் மாசம் இந்தப் பேரு வந்துச்சு. நகரிக்குப் போ. அவ மாமியா சென்னம்மா கிட்ட சொல்லு. அங்க உன்ன யாருக்கும் தெரியாது."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போனார். வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்தார். ஜமீனில் வேலை, ராஜா போன துக்கம், புத்தி தடுமாறிவிட்டது என்று அடுக்கி வைத்துக்கொண்டார். நகரியில் வீட்டைக் கண்டுபிடித்துப் போனபோது சென்னம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். யார் நீ என்று கேட்டாள். அடுக்கி வைத்த பேச்சு ஒன்றும் வரவில்லை.

"நான்தாம்மா திருடன். அந்த ஜமீன் நகைய எடுத்தது நான். உன் சம்பந்தி இல்ல."

சென்னம்மாவின் கை நின்றது. "பதினோரு வருசம் இன்னா பண்ணிக்கினு இருந்த?" என்றாள்.

தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அவர் தலை நிமிரவில்லை. உள்ளேயிருந்து சுந்தரி வந்தாள், பின்னால் அவள் குழந்தைகள் இரண்டு. அவள் முனிரத்தினத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மாமியாரிடம் கேட்டாள்.

"அத்த, இப்பவாச்சும் எங்கம்மாவ வூட்டுக்குள்ள வுடுவியா? இதுங்க ரெண்டையும் அவ இன்னும் தூக்குனதே இல்ல."