கட்டில் கம்பி

மைசூரில் நர்சிங் படிக்கச் சேர்ந்த முதல் மாதமே விட்டுவிட்டுப் போக இருந்தேன். சலைன் போட நரம்பு அகப்படாமல் ஒரு பெரியவரின் கையை மூன்று இடத்தில் குத்திவிட்டு, போர்வைகள் அடுக்கும் அறைக்குள் போய் அழுதேன். வார்டு இன்சார்ஜ் சிஸ்டர் கதவைத் திறந்தார். திட்டவில்லை. தன் கையை நீட்டினார்.

"என் கையில குத்து. வர்ற வரைக்கும் குத்து."

இரண்டாவது தடவை வந்தது. அன்றிலிருந்து நான் அவருடைய ஆள்.

அந்த வார்டில் நாங்கள் ஆறு மாணவிகள். நோயாளியைத் தொடும் முன் உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ள வேண்டும், ஊசி வலிக்காது என்று பொய் சொல்லக் கூடாது, இதெல்லாம் சிஸ்டர் சொல்லித் தந்தது. வீட்டில் நான் மூன்றாவது பெண். எப்போது வந்தேன், போனேன் என்று யாரும் கவனித்ததில்லை. வார்டுக்கு ஐந்து நிமிடம் பிந்தினால் "எங்கே அவ?" என்று கேட்க ஆட்கள் இருந்தார்கள். அந்தக் கேள்விக்காகவே சில நாள் வேண்டுமென்று பிந்திப் போயிருக்கிறேன்.

விடுதியில் என்னோடு அறையில் இருந்தவள் கொள்ளேகால்காரி. நெசவுக் குடும்பம். எங்கள் ஆறு பேரில் அதிகம் பேசாதவள் அவள்தான்.

இரண்டாம் வருடம், சிஸ்டரின் பிறந்தநாள். மதியம் டியூட்டி அறையில் கேக் வெட்ட எல்லோரும் கூடினோம். அதற்குச் சற்று முன்புதான் நான் ஒரு அம்மாவுக்குப் படுக்கை விரிப்பு மாற்றினேன். பக்கவாதம் வந்து கையும் காலும் விழுந்தவர். விரிப்பு மாற்றக் கட்டிலின் பக்கக் கம்பியை இறக்கினேன். "வா, வா, மெழுகுவத்தி அணையுது" என்று கூப்பிட்டார்கள். கம்பியை ஏற்றாமல் ஓடினேன். நாங்கள் கை தட்டிக்கொண்டிருந்தபோது அந்தம்மா கீழே விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது.

சிஸ்டர் எங்களை உட்காரவைத்து ஆளுக்கொரு தாள் தந்தார். கேக்கின் கிரீம் இன்னும் என் விரலில் ஒட்டியிருந்தது.

"வார்டுல ஒருத்தரும் இல்லைன்னு தெரிஞ்சா ஆறு பேர் படிப்பும் போச்சு. கம்பி ஏத்தித்தான் இருந்துச்சு, அவங்களே இறக்கிட்டாங்கன்னு எழுதுங்க. நாமெல்லாம் ஒரே குடும்பம். ஆய்த்து, முடிஞ்சு போச்சு, அழாதீங்க."

ஐந்து பேர் எழுதினோம். கொள்ளேகால்காரி மட்டும், கம்பி கீழே இருந்தது என்று எழுதினாள். யார் இறக்கியது என்று எழுதவில்லை. நான் இறக்கியதை அவள் பார்த்திருந்தாள்.

மறுநாள் அந்தம்மாவின் மகள் என்னை வராந்தாவில் நிறுத்தினார். "எங்கம்மாவால கையையே தூக்க முடியாதே சிஸ்டர். கம்பியை எப்படி இறக்கினாங்க?"

"தெரியலைங்க. நாங்க ஏத்தித்தான் வெச்சிருந்தோம்."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. என்னை நம்பினார்.

விசாரணையில் ஐந்து தாள்களுக்கு எதிரே ஒரு தாள் நிற்கவில்லை. அவளை வேறு வார்டுக்கு மாற்றினார்கள். சாப்பாட்டு மேசையில் அவள் வந்து உட்கார்ந்தால் நாங்கள் எழுந்தோம். இப்படிச் செய்யச் சொல்லி சிஸ்டர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதை நாங்களே கண்டுபிடித்தோம். நான் வேறு அறை கேட்டு வாங்கினேன். துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவள் வாசலில் வந்து நின்றாள்.

"உன்ற பேரை நான் எழுதலையே புள்ள. அப்புறம் எதுக்கு எங்கூடப் பேச மாட்டேங்கறே?"

"பரீட்சை வருது. படிக்கணும்" என்றேன்.

பரீட்சைக்கு முன்பே அவளுடைய அப்பா வந்து கூட்டிக்கொண்டு போனார். பெட்டியை இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டியதை மாடியிலிருந்து பார்த்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

போன வருடம் சிஸ்டர் ஓய்வுபெற்றார். பிரிவுபசார விழாவில் என்னைப் பேசச் சொன்னார்கள். அவர் கையை நீட்டியதைச் சொன்னேன். பலர் அழுதார்கள், நானும் அழுதேன். பொய் அழுகை இல்லை. என் வேலையில் நல்லதென்று எது இருந்தாலும் அது அவர் தந்தது. பொய் எழுதியதையும் அவர் கணக்கிலேயே சேர்த்துவிட்டுத் தப்பிக்கப் பல தடவை பார்த்திருக்கிறேன். முடியவில்லை. கொள்ளேகால்காரியும் அதே சிஸ்டரிடம்தான் படித்தாள்.

சாப்பிடும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தக் கொள்ளேகால் பொண்ணு ஞாபகம் இருக்கா சிஸ்டர்?" என்று கேட்டேன்.

யோசித்தார். நடிக்கவில்லை, உண்மையாகவே யோசித்தார். "யாரும்மா? நீங்க எப்பவும் அஞ்சு பேருதானே?"

அந்த வாரமே அவள் எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன். யாரென்று சொன்னேன்.

"சொல்லுங்க."

கம்பியைப் பற்றி, அந்தத் தாளைப் பற்றி, சாப்பாட்டு மேசையைப் பற்றி எல்லாம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். ஒரு நாள் கொள்ளேகாலுக்கு வந்து பார்க்கட்டுமா என்றேன்.

"வேண்டாங்க. நான் நர்சுக்குப் படிச்சதே இங்க புகுந்த வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாதுங்க. உங்களை யாருன்னு சொல்லுவேன்?"

அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள். நான் திரும்பக் கூப்பிடவில்லை.