சொட்டு எண்ணிய கம்பவுண்டர்

1938 ஆகஸ்ட் 9, செவ்வாய். ஐந்து மணிக்கு எழுந்து குளித்தேன். மகளுக்குக் காய்ச்சல் நூற்று மூன்று. எட்டு மணிக்கு அவளைத் தூக்கிக்கொண்டு பூந்தமல்லி தர்ம ஆஸ்பத்திரி வரிசையில் நின்றேன்.

கம்பவுண்டர் ஒல்லியான கிறிஸ்தவர். ஒவ்வொரு சீசாவையும் தொடும் முன் கண்மூடி ஜெபிப்பார். என் மகளின் மருந்து அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து. அதை அவர் சொட்டுச் சொட்டாக எண்ணி விடும்போது, "சீக்கிரம் ஐயா, திருவேற்காட்டு ஜட்கா போயிடும்" என்றேன். எண்ணிக்கை தவறியது. கலந்த மருந்து முழுவதையும் தொட்டியில் கொட்டிவிட்டார்.

பின்னால் நின்றவர் கத்தினார்: "இன்னா நைனா, கொயந்த ஜொரத்துல கொதிக்குது, நீ கொட்டிக்கினு கீறே! ரெண்டு சொட்டு கூடிச்சின்னா உங்க சாமி எறங்கி வந்து எண்ணுமா?"

"எண்ணமாட்டாரு அண்ணாத்தே. அதுக்குத்தான் என்னை இங்க உக்கார வெச்சிருக்காரு."

சீசாவைக் கழுவி, ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கினார். இருபது வரை நான் மூச்சே விடவில்லை.

ஜட்கா போய்விட்டது. வீடு வரை மூன்று மைலும் மகளைச் சுமந்து, அவரைத் திட்டிக்கொண்டே நடந்தேன்.

ஆகஸ்ட் 10, புதன். காலையில் காய்ச்சல் நூற்றொன்று. முதல் வேலையாக மருந்தை ஊற்றினேன். மனைவி ஏதோ கேட்டாள். வேளைக்கு இவ்வளவு என்று சீசாவில் வெட்டி ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்து ஊற்றி முடிக்கும்வரை நான் திரும்பவில்லை.