வேதாச்சலத்தின் இடது கால்

வேதாச்சலத்துக்கு இரண்டு கால் என்று சொன்னால் நகரியில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு கால், ஒரு கிளட்ச் என்பார்கள். வலது காலை நம்மைப் போல நடக்கவும் நிற்கவும் வைத்திருந்தான். இடது கால் வண்டிக்கென்றே செய்து அனுப்பப்பட்டது. ஒருமுறை டம்ளர் நிறைய காபியை முன்கண்ணாடி ஓரமாக வைத்துவிட்டு நகரியிலிருந்து திருப்பதி வரை ஓட்டினான். காபியின் மேல் படிந்த ஆடைகூட சுருங்கவில்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கண்ணால் பார்த்தேன் என்று இருபது வருஷமாக எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். உண்மையில் வடமாலபேட்டை வரைக்கும்தான் பார்த்தேன். அதற்குப் பிறகு தூங்கிவிட்டேன்.

அவன் என் சின்னம்மா மகன், என்னைவிடப் பதிமூன்று வயது சிறியவன். வீட்டில் எல்லாரும் தறியில் உட்கார்ந்தபோது இவன் மட்டும் பத்தொன்பது வயதில் லாரியில் கிளீனராக ஏறிக்கொண்டான். பிறகு சித்தூரில் மாம்பழக்கூழ் ஃபேக்டரி வைத்திருக்கும் குடும்பத்தில் டிரைவர் வேலை. அதில் இருபத்தாறு வருஷம். முதலாளி ஜெயபிரகாஷ் அவனைவிட இளையவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவார். எந்த வண்டி வாங்கினாலும், எந்த வண்டி விற்றாலும், வேதாச்சலம் சொன்னால்தான். மெக்கானிக் ஆயிரம் சொல்லட்டும், இவன் உதட்டைப் பிதுக்கினால் முடிந்தது.

அந்த இடது காலின் முழங்கால் தேய்ந்துபோயிற்று. திருப்பதியில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் கிளட்ச் மிதித்தால் ஒரு வருஷம்கூடத் தாங்காது என்று சொல்லிவிட்டார். இதை வேதாச்சலம் என்னிடம் மட்டும் சொன்னான். முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம். வேலை போனால் சோறு போய்விடாது, மகள் துர்காதேவி பெங்களூரில் நன்றாக இருக்கிறாள். ஆனால் ஸ்டியரிங் இல்லாத வேதாச்சலத்தை வேதாச்சலமே பார்த்ததில்லை. இன்னும் நாலு வருஷமாவது ஓட்ட வேண்டும் என்பது ஒன்றுதான் அவனுக்கு இருந்த ஆசை.

அந்தச் சமயத்தில்தான் ஜெயபிரகாஷ் பெங்களூரிலிருந்து ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி வந்தார். நீலக் கலர், இரண்டே சீட்டு, தரையை முத்தமிடுகிற மாதிரி உயரம். அதற்குள் இறங்கி உட்கார வேண்டும், ஏறி உட்கார முடியாது. கிளட்ச் பெடலே இல்லை. பெடல் இல்லையே தவிர, உள்ளே கிளட்ச் இரண்டு இருக்கிறதாம்.

வண்டியோடு கூட வந்தவன் திலீப். சர்வீஸ் ஆள், இருபத்தைந்து இருபத்தாறு வயது. வேதாச்சலம் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து கேட்டானாம்.

"காலுக்கு வேலையே இல்லன்னா டிரைவரு இன்னாத்துக்கு? வெத்தலப்பாக்கு மட்ச்சிக் குடுக்கவா?"

திலீப் கோபப்படவில்லை. பொறுமையாக விளக்கியிருக்கிறான். வேதாச்சலம் என்னிடம் வந்து சொன்னபோது அதைக் கல்யாணப் பந்தியாக மாற்றித்தான் சொன்னான். பந்தியில் வைத்துச் சொன்னால்தான் எனக்குப் புரியும் என்று அவனுக்கு ஒரு எண்ணம். சாதம் போடுகிறவனே திரும்பிப் போய் சாம்பார் வாளியை எடுத்து வந்தால், அவன் வரும்வரை இலை காத்துக்கொண்டிருக்கும். அதுதான் நாம் காலால் மிதித்துப் போடுகிற கியர். கிளட்சை மிதித்த அந்த நொடியில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உறவு அறுந்துபோகிறது, வண்டி சும்மா உருளுகிறது. இந்தக் காரில் பரிமாறுகிறவர்கள் இரண்டு பேர். ஒற்றைப்படை கியர் ஒருவன் கையில், இரட்டைப்படை கியர் இன்னொருவன் கையில். முதலாமவன் சாதம் போடும்போதே அடுத்தவன் கரண்டியில் சாம்பாரை மொண்டு பின்னால் தயாராக நிற்கிறான். இவன் கை எடுக்கிற அதே சமயம் அவன் கை ஊற்றுகிறது. இலை காய்வதே இல்லை.

"சாம்பாருன்னு நெனச்சி அவன் நிக்கும்போது நான் மோரு கேட்டா?" என்று நான் கேட்டேன்.

அதையும் அவன் திலீப்பிடம் கேட்டிருந்தான். அப்போது மட்டும் கொஞ்சம் திணறுமாம். வண்டி வேகம் எடுக்கும் என்று நினைத்து மேல் கியரைத் தயாராக வைத்திருக்கும்போது, நாம் திடீரென்று கீழ் கியரைக் கேட்டால், அது எடுத்ததை வைத்துவிட்டு வேறு எடுக்க வேண்டும். அதுவும் கண் மூடித் திறக்கிற நேரம்தான். ஆனால் ஓட்டத் தெரிந்தவனுக்கு அது தெரியும்.

கடைசியாக திலீப் ஒன்று சொன்னான். மேட்டில் நிற்கும்போது பிரேக்கை மிதித்து நில்லுங்கள், ஆக்ஸிலேட்டரைக் கொடுத்து வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள், உள்ளே இரண்டு கிளட்சும் உராய்ந்து வெந்துபோகும். வேகத்துக்குச் செய்தது அது, ஊர்வதற்குச் செய்ததில்லை. வேதாச்சலம் தலையாட்டினான். அவன் தலையாட்டியது கேட்டதற்கு அடையாளம் இல்லை என்று திலீப்புக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் சித்தூரிலிருந்து திருப்பதி ரோட்டில் ஓட்டிப் பார்த்தான். பக்கத்தில் ஜெயபிரகாஷ். சந்திரகிரிக்கு முன்னால் ரோடு காலியாக இருந்த ஓரிடத்தில் வலது காலை அழுத்தியிருக்கிறான். இரண்டு, மூன்று, நான்கு என்று கியர் மாறிய எண்தான் கண்ணுக்குத் தெரிந்தது, உடம்புக்குத் தெரியவில்லை. முதுகை சீட்டோடு ஒட்டிவைத்த வேகம் நடுவில் ஒருமுறைகூடத் தளரவில்லை என்றான். வளைவு வருவதற்கு முன் ஸ்டியரிங்குக்குப் பின்னால் கியர் மாற்றுவதற்கென்று இருந்த சின்ன இதழை விரலால் இழுத்தான். கீழ் கியர் வந்து உட்கார்ந்தது, பின்சக்கரம் துளிகூட உதறவில்லை. கிளட்ச் வண்டியில் அதே மாதிரி உதறாமல் கியரை இறக்க அவனுக்குப் பத்து வருஷப் பழக்கம் தேவைப்பட்டது.

அன்று மாலை என் வீட்டுக்கு வந்தான். முழங்காலைத் தடவிக்கொண்டே, "அக்கா, ஒரு தபா கூட நோவல," என்றான். இவ்வளவு காலம் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்ததை ஒரு இரும்புப் பெட்டி சாவகாசமாகச் செய்துவிட்டது என்று கொஞ்சம் வருத்தம். அந்தப் பெட்டியே அவனுக்கு இன்னும் நாலு வருஷம் கொடுக்கப்போகிறது என்று அதைவிடப் பெரிய சந்தோஷம். அவன் முகத்தில் இரண்டும் மாறி மாறி வந்தன.

வெள்ளிக்கிழமை பூஜை. சந்திரகிரி தாண்டி ஒரு மேட்டின்மேல் கங்கம்மா கோயில் இருக்கிறது. புது வண்டிகள் அந்த மேட்டில் வரிசையாக நின்று, ஒவ்வொன்றாக ஏறி, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, குங்குமம் வாங்கிக்கொண்டு இறங்கும். எங்கள் பக்கத்து டிரைவர்களுக்கு அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. மேட்டில் ஏறும்போது பிரேக்கைத் தொடக்கூடாது. அம்மன் வாசலில் பின்விளக்கு சிவந்தால், வர மனசில்லாமல் வந்ததாக அவள் எடுத்துக்கொள்வாளாம். பின்னால் உருளவும் கூடாது. அதனால் கிளட்சைப் பாதியில் பிடித்து, வண்டியை மேட்டில் தொங்கவிட்டு, அங்குலம் அங்குலமாக ஏற்ற வேண்டும். இருபத்தாறு வருஷத்தில் வேதாச்சலம் ஏற்றிய எந்த வண்டியின் பின்விளக்கும் அங்கே சிவந்ததில்லை. வரிசையில் நிற்கும் மற்ற டிரைவர்கள் அவன் முறை வரும்போது இறங்கி வந்து பின்னால் நின்று பார்ப்பார்கள்.

அன்றும் இறங்கி வந்து நின்றார்கள். முன்னால் பதினொரு வண்டி. இடது காலுக்குப் பெடல் இல்லை; பழகிய கால் சும்மா தரையைத் தேய்த்தது. வலது காலால் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சமாகக் கொடுத்தான், வண்டி பின்னால் போகாமல் நின்றது. இன்னும் கொஞ்சம் கொடுத்தால் ஒரு அங்குலம் ஏறியது. அவனுக்கே பெருமையாக இருந்திருக்கிறது, இதுவும் சொன்னபடி கேட்கிறதே என்று. அரை மணி நேரம் அப்படியே தொங்கவிட்டான். நடுவில் ஸ்டியரிங்குக்கு முன்னால் மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. மஞ்சள் மங்களம்தானே என்று விட்டுவிட்டான். தென்னை நார் கருகுகிற மாதிரி வாசனை வந்தது. பூசாரியின் தூபம் என்று நினைத்தான். நினைத்தான் என்று அவன் சொல்கிறான். எனக்கு அதில் நம்பிக்கையில்லை.

எலுமிச்சம்பழத்துக்கு நாலு முழம் இருக்கும்போது வண்டி ஒரு முறை குலுங்கியது. பிறகு எஞ்சின் மட்டும் ஓடியது, சக்கரத்துக்கு எதுவும் வரவில்லை. வண்டி பின்னால் உருளத் தொடங்கியது. அப்போதுதான் வேதாச்சலம் பிரேக்கை மிதித்தான். அத்தனை டிரைவர்களும் பார்த்துக்கொண்டு நிற்க, பின்விளக்கு செக்கச்செவேல் என்று எரிந்தது.

கோயில் வாசலில் நின்றிருந்த ஜெயபிரகாஷ் ஓடிவந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். அந்த இடத்தில் என் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பின்னால் நின்றவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு வேதாச்சலம் சொன்னான்:

"வண்டியே சரியில்ல சார். நம்ம மேட்டுக்கெல்லாம் இது ஆவாது."

மூன்றாம் நாள் திலீப் சித்தூருக்கு ஒரு காகிதத்தோடு வந்தான். கம்ப்யூட்டர் எழுதிக் கொடுத்தது. எத்தனை நிமிஷம் ஆக்ஸிலேட்டரில் தொங்கியது, கிளட்ச் எவ்வளவு சூடானது, எத்தனை முறை எச்சரித்தது, எல்லாம் இருந்தது. ஜெயபிரகாஷ் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. எங்க அண்ணா சொன்னதுதான் எனக்கு ரிப்போர்ட், பழுதான வண்டியைத் தலையில் கட்டிவிட்டு டிரைவர் மேல் பழி போடுகிறாயா என்று தெலுங்கில் கத்தினார். வேதாச்சலம் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். போகும்போது திலீப் அந்தக் காகிதத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு, "நீங்களே வெச்சிக்கோங்க பெரியவரே" என்றானாம். அதில் கோபம் இருந்திருந்தால் தேவலை என்றான் வேதாச்சலம் என்னிடம்.

உடனே முதலாளியிடம் போய்ச் சொல்லு என்றேன். சொல்றேன் அக்கா, சொல்றேன் என்று பத்து நாள் கடத்தினான். பதினோராம் நாள் ஜெயபிரகாஷ் காரைச் சரிசெய்து வேலூர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். அண்ணா சொல்லிவிட்டாரே, அப்புறம் எதற்கு அது? அதற்குப் பதிலாக ஒரு பெரிய வண்டி வாங்கி வந்து, சாவியை வேதாச்சலம் கையில் வைத்து, உனக்குப் பிடித்த மாதிரி வாங்கியிருக்கிறேன் என்றார். மூன்று பெடல். கிளட்ச் நல்ல கனம்.

நாற்பது நாள் ஓட்டினான். மாங்காய் சீசனில் தினமும் தோட்டத்துக்கும் ஃபேக்டரிக்குமாக அலைந்தான். நாற்பத்தொன்றாம் நாள் காலையில் கிளட்சில் வைத்த கால் திரும்பி வரவில்லை. இரண்டு கையாலும் தூக்கித்தான் வெளியே எடுத்தான். அன்றைக்கே சாவியோடு அந்தக் காகிதத்தையும் ஜெயபிரகாஷின் மேஜைமேல் வைத்தான். முழங்காலைச் சொன்னான், மேட்டைச் சொன்னான், பின்விளக்கைச் சொன்னான்.

ஜெயபிரகாஷ் காகிதத்தை மெதுவாகப் படித்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றவனிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்:

"அன்னிக்கே சொல்லியிருந்தா அந்தக் காரையே வெச்சிருப்பேனே அண்ணா. நீயே ஓட்டிக்கினு இருந்திருப்ப."

அப்புறம் அவரே திலீப்புக்குப் போன் போட்டு வேதாச்சலத்திடம் கொடுத்தார். மன்னிச்சிடு நைனா என்று இவன் சொல்ல, பரவாயில்லை என்று அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. பரவாயில்லை என்று யார் சொன்னாலும் அது முழுசாக உண்மையில்லை என்பது வேதாச்சலத்துக்குத் தெரியும்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் பஸ் பிடித்து அந்தக் கங்கம்மா கோயிலுக்குப் போகிறான். மேட்டின் அடியில் நின்று, வரிசையில் வரும் வண்டிகளுக்குள் குனிந்து பார்க்கிறான். முகத்தை இல்லை, காலை. இரண்டு பெடல் இருந்தால் கண்ணாடியைத் தட்டுகிறான். போன வாரம் நானும் கூடப் போயிருந்தேன். ஒரு சின்னப் பையன், பளபளவென்று புதுக் கார், பின்விளக்கு எரியாமல் மேட்டில் தொங்கிக்கொண்டிருந்தான். பழைய டிரைவர்கள் இரண்டு பேர் பின்னால் நின்று மெச்சிக்கொண்டிருந்தார்கள். வேதாச்சலம் காலை இழுத்துக்கொண்டே அவர்களைத் தாண்டிப் போய்க் கண்ணாடியைத் தட்டினான்.

"பிரேக்க மிதி நைனா. அம்மா ஒண்ணும் கோச்சிக்க மாட்டா."

பையன் தயங்கிவிட்டு மிதித்தான். பின்விளக்கு சிவந்தது. பழைய டிரைவர்களில் ஒருவன் த்சு என்றான். வேதாச்சலம் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வண்டிக்குப் போனான்.