சவரிமுத்துவின் மனைவி

கல்லறைக் கல்லில் எழுத்து வெட்டுகிற தொழிலில் கல் உடைந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கூட வருகிற சொந்தக்காரர்களைத்தான் பொறுக்க முடியாது. உளி பிடித்த தோழர்களே, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் ராயபுரத்தில் என் பட்டறைக்கு வந்த பிலோமினாவின் மாமாவை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பேர் இல்லாத கல்

பிலோமினா காசிமேட்டில் மீன் விற்பவள். அம்மா லூர்து இறந்து குடும்பக் கல்லறையில் அடக்கமாகியிருந்தாள். அங்கே புதுக் கல் வைத்து அம்மா, அம்மாவின் அம்மா, அவளுடைய அம்மா என்று எல்லோர் பேரையும் வெட்ட வேண்டும் என்றாள். அம்மாவின் அம்மா அந்தோணியம்மா வரைக்கும் தெரியும். அதற்கு மேலே தெரியவில்லை. இருவரும் போய்ப் பார்த்தோம். பழைய கல்லில் அந்தோணியம்மாவின் அம்மாவுக்கு 'சவரிமுத்துவின் மனைவி' என்று மட்டும் இருந்தது. பிலோமினா அதை முறைத்தாள்.

"இன்னா நைனா, அந்தாளு பேருக்கு எடம் இருந்துச்சி, எங்க ஆயா பேருக்கு எடம் இல்லியா?"

மாமாவின் உத்தரவு

மறுநாளே அவளுடைய தாய்மாமன் அருளப்பன் வந்துவிட்டார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். பட்டறைக்குள்ளும் அதே சத்தம். 'சவரிமுத்து குடும்பம்' என்று வெட்டினால் போதுமாம். "உங்க அம்மா பேரு, அக்கா பேரு வேண்டாமா?" என்று கேட்டேன்.

"பொம்பள பேர வெச்சி எவன்யா வம்சம் சொல்றான்? அதெல்லாம் வூட்டுக்குள்ள கூப்புட்றதுக்குத்தான்!"

காத்திவாக்கம்

எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. சவரிமுத்து பெண் எடுத்தது காத்திவாக்கத்தில் என்பது மட்டும் பிலோமினாவுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் ஏறினோம். குப்பம் குப்பமாக விசாரித்தோம். ஆம்பளைகள் எல்லோருக்கும் சவரிமுத்துவைத் தெரிந்திருந்தது. அவர் மனைவி பேர் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

கடைசியில், கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் இறால் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் எங்கள் பேச்சைக் கேட்டுக் கரையேறி வந்தாள். சவரிமுத்து ரங்கூனுக்குக் கப்பல் ஏறி, அங்கே வேறு குடும்பம் வைத்து, அங்கேயே செத்தும் போனாராம். இங்கே மீன்கூடை சுமந்து பிள்ளைகளை வளர்த்தவள் அவர் மனைவிதான். அவளைப் பெற்றவள் பழவேற்காட்டுச் சூசையம்மா. "பேரு? எங்க ஆயா பேரு?" என்று பிலோமினா கத்தியேவிட்டாள். "ஞானப்பூ. அவுங்க தங்கச்சி பேத்திதான் நானு. அந்தப் பேரத்தான் எனக்கும் வெச்சிக்கீறாங்க" என்றாள் அவள். சேறும் தண்ணீருமாக நின்றவளைக் கட்டிக்கொண்டு பிலோமினா அழுதாள். அழுகை அடங்கியதும் கோபம் வந்தது.

"ஓடிப்பூட்டவன் பேரத் தலமேல வெச்சிக்கினு இத்தினி வருசமா பட்த்துக்கினு கீதே எங்க ஆயா!"

கல் நட்ட நாள்

சூசையம்மா, ஞானப்பூ, அந்தோணியம்மா, லூர்து. நான்கு பேரையும் ஆழமாகவே வெட்டினேன். கல்லை நடும்போது அருளப்பன் ஓடிவந்து குறுக்கே நின்றார். "எங்க தாத்தா பேரு எங்கடி?" என்று கத்தினார். பிலோமினா கல்லிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அவுரு இங்க இல்ல மாமா. கல்லு வெக்கணும்னா ரங்கூனுக்குப் போயி வெய்யி."

அருளப்பன் விலகினார், கல் நின்றது. அன்றிலிருந்து பெண்ணின் பேரைச் சொல்லாமல் யார் வந்தாலும் உளியைத் தொடமாட்டேன் என்று அடம்பிடித்ததில், ராயபுரத்தில் எனக்கும் ஒரு பேர் கிடைத்தது: கிறுக்கன்.