ஐஸ்கிரீம் பெட்டியில் இன்சுலின்

இன்சுலின் எப்படிக் கெட்டுப்போகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. இதற்குச் சம்பளம் தருகிறார்கள். பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் நல்ல இன்சுலினை வாங்கி, சூடாக்கி, குலுக்கி, உறையவைத்து, வேண்டுமென்றே கெடுப்போம். அது ஒரு சின்னப் புரதம். தனக்கென்று ஒரு மடிப்போடு இருக்கும். அந்த மடிப்பு இருந்தால்தான் உடம்பில் ஒட்ட வேண்டிய இடத்தில் போய் ஒட்டும், சர்க்கரை இறங்கும். வேட்டி கசங்கினால் திரும்பத் தேய்த்து மடித்துக்கொள்ளலாம். இது கலைந்தால் கலைந்ததுதான். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திப்பியாகிவிடும். அப்படி ஆகாமல் அதைப் பிடித்து நிறுத்துகிற ஒரு மூலக்கூறைப் பல வருடங்களாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். இதுவரை கிடைத்ததெல்லாம் பிடித்து நிறுத்தாத மூலக்கூறுகள்.

தென்காசியில் என் அப்பா இதை, "மக சுகருக்கு மருந்து கண்டுபிடிக்கா" என்று சுருக்கி வைத்திருக்கிறார். அதனால் லீவுக்கு வந்தால், பெட்டியைக் கீழே வைக்குமுன் யாராவது ரத்தப் பரிசோதனைச் சீட்டை நீட்டுவார்கள். நான் அந்த டாக்டர் இல்லை என்பேன். "வாசல்ல டாக்டர்னுதான போர்டு மாட்டியிருக்கு" என்பார்கள். போர்டு அப்பா செய்து மாட்டியது.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி மட்டும் ஒருநாளும் சீட்டு நீட்டியதில்லை. அவருக்குக் குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் கூல்டிரிங்ஸ் கடை. போன சீசனில் ஒருநாள், கூட்டம் வருமுன் விடியக்காலையில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு அவர் கடைக்குப் போனேன். ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலது பாதத்தில் கட்டு. தண்ணீர் படாமலிருக்க அதன்மேல் ஒரு பாலிதீன் பை.

"என்ன அண்ணாச்சி இது?"

"செருப்பு கடிச்சிது. சவத்துப் புண்ணு, ஆறவே மாட்டேங்கு. சுகரும் எறங்க மாட்டேங்கு. டாக்டரும் ஊசி அளவக் கூட்டிக்கிட்டேதான் போறாரு. அடுத்த வாரம் பாத்துட்டு வெரல எடுக்கணுமான்னு சொல்லுதேன்னிருக்காரு."

"வெரலோட போச்சின்னா பரவால்ல," என்றார் கொஞ்சம் கழித்து. "எங்க அண்ணனுக்கு மொதல்ல வெரலு, பெறவு பாதம், பெறவு முழங்காலு. பெறவு அவனே போயிட்டான்." சொல்லும்போது அருவிப் பக்கம் பார்த்துக்கொண்டார்.

பிறகு எழுந்து, நொண்டிக்கொண்டே போய் ஐஸ்கிரீம் பெட்டியின் பூட்டைத் திறந்தார். எனக்கு ஏதோ எடுத்துத் தரப்போகிறார் என்று நினைத்து, காலையிலேயே ஐஸ் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். குச்சி ஐசை ஒதுக்கி, கோன் ஐசை ஒதுக்கி, அடியிலிருந்து ஒரு சின்ன மருந்துக் குப்பியை எடுத்தார். உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

"கொஞ்சம் எளகணும்," என்றார். "எளகினாத்தான் ஊசில ஏறும்."

குப்பியைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். உருட்டினால் பால்போலச் சீராகக் கலங்க வேண்டிய மருந்து அது. இதில் கண்ணாடியெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திப்பி ஒட்டியிருந்தது. ஆய்வகத்தில் இந்தத் திப்பியைக் கொண்டுவர நாங்கள் படாத பாடு படுவோம். அண்ணாச்சி குச்சி ஐசுக்குப் பக்கத்தில் வைத்தே சாதித்திருந்தார்.

"உங்களுக்கென்ன கோட்டியா அண்ணாச்சி! இது செத்துப்போன மருந்து. பச்சத் தண்ணியக் குத்திக்கிட்டு இருக்கீங்க!" பன்னீர் சோடா குடித்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் கத்தினேன்.

"குளிர்ச்சியா வைக்கணும்னாவ. இதவிடக் குளிர்ச்சி எங்கன இருக்கு?" என்றார் அவர், மிக நியாயமாக.

சோடா வைக்கிற கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கலாமே என்றேன். அதை வருகிறவர்களே திறந்து எடுப்பார்களாம், யாராவது எடுத்துக் குடித்துத் தொலைத்தால்? மேலும் ராத்திரி அதை அணைத்துவிடுவாராம், கரண்டு பில். ஐஸ்கிரீம் பெட்டிதான் எந்நேரமும் ஓடும், பூட்டும் உண்டு. வீட்டு பிரிட்ஜில் என்ன கேடு என்றேன்.

"அத உங்க மதினிட்ட கேளு," என்றார்.

முதலில் அவருடைய டாக்டருக்குப் போன் போட வைத்தேன். கூட்டிவைத்த அளவை நல்ல மருந்தில் போட்டால் ஆள் மயங்கி விழுந்துவிடுவார். "ஐஸ்கிரீம் பெட்டியிலயா?" என்று டாக்டர் கேட்டார். பிறகு அளவைக் குறைத்துச் சொன்னார். தென்காசிக்கு வந்து மருந்துக்கடையில் புதுக் குப்பி வாங்கி, ஐஸ் நேரே படாமல் துணி சுற்றி பிளாஸ்கில் எடுத்துக்கொண்டு, அண்ணாச்சியின் மனைவி மதினி முன்னால் போய் நின்றேன்.

மதினி அருவாமனையில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் முட்டைகூட நுழையாது.

"அது பன்னிலேருந்து எடுக்கதுலா," என்றார். "அவர போட்டுக்கிட வேண்டாம்னு நான் சொல்லலியே. ஒடம்புக்குள்ள போனா அது மருந்து, பாவமில்ல. பிரிட்ஜுக்குள்ள இருந்தா அது பன்னி. அங்கன பூசைப் பாலு இருக்கு ஏட்டி."

அவர் சொன்னது பொய்யில்லை, பழைய தகவல், அவ்வளவுதான். ஒரு காலத்தில் பன்றியிலிருந்தும் மாட்டிலிருந்தும்தான் எடுத்தார்கள். சரி, எங்கள் வீட்டு பிரிட்ஜில் வைக்கிறேன் என்றேன்.

"ஏன், உங்க வீட்டுல மட்டும் சாமி இல்லியா? பாவத்தத் தூக்கிப் பக்கத்து வீட்டுல வைக்கவா?"

"மதினி, இப்ப பன்னில எடுக்கதில்ல. அதெல்லாம் போயி எவ்வளவோ காலமாச்சு."

"பெறவு எதுல செய்யுதாவ?"

அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தேன். ஒரு பாக்டீரியாவின் பெயர் போட்டிருந்தது. அது மனிதக் குடலில் குடியிருப்பது. இதைச் சொன்னால் மதினி அடுத்து என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். கொடல்ல எங்கன? அதற்கும் பதில் சொன்னால் பிரிட்ஜையே தெருவில் இறக்கிக் கழுவிவிடுவார். ஆய்வுக் கட்டுரையில் ஒரு புள்ளி இடம் மாறினால் தூக்கம் வராத ஆள் நான்.

"ஈஸ்ட்ல," என்றேன். "ஆப்ப மாவு பொங்கப் போடுவோம்லா, அதுல."

சில கம்பெனிகள் ஈஸ்டிலும் செய்கின்றன. இந்தக் கம்பெனி செய்யவில்லை.

"ஆப்ப மாவா?"

"ஆப்ப மாவேதான்."

"முட்ட கிட்ட சேக்காவளா?"

"மருந்துக்கு எதுக்கு மதினி முட்ட?"

மதினி என் முகத்தையே பார்த்தார். பிறகு எழுந்து, ஒரு எவர்சில்வர் டப்பாவைக் கழுவித் துடைத்து, திருநீறு பூசி, குப்பியை அதற்குள் வைத்து, தயிருக்குப் பக்கத்தில் வைத்தார். பூசைப் பாலை மட்டும் மேல்தட்டுக்கு மாற்றினார். பல வருட ஆராய்ச்சியில் நான் ஒரு இன்சுலினைக் கெடாமல் காப்பாற்றியது அதுதான் முதல் தடவை.

சர்க்கரை இறங்கியது. அண்ணாச்சி தினமும் சுவருக்கு அப்பாலிருந்து சந்தோஷமாகக் கத்திச் சொல்வார். ஆனால் புண் முந்திக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் ஒரு விரலை எடுத்தார்கள். பாதம் தப்பியது, இனி பயமில்லை என்று டாக்டர் சொன்னார். அண்ணாச்சி படுக்கையில் கிடந்தபடியே, "ஒத்த வெரலோட விட்டுதே," என்று எல்லோரிடமும் சிரித்தார்.

மதினி சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில், பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஆப்ப மாவுதான்னு மொதல்லயே யாராவது ஒரு வார்த்த சொல்லிருந்தா உள்ள வச்சிருப்பனே. வெறும் ஆப்ப மாவு. அதப் போயி வீட்டுக்குள்ள விடாம வச்சிருந்தேனே பாவி."

அது ஆப்ப மாவு இல்லை, நீங்கள் பயந்ததில் ஓரளவு நியாயம் இருந்தது என்று சொல்லிவிடலாம். சொன்னால் இவர் மனசு ஆறும், சாயங்காலமே குப்பி பிரிட்ஜை விட்டு வெளியே போகும். வாயை மூடிக்கொண்டேன்.

"உள்ள வச்சிருந்தா அவருக்கு வெரலு இருந்திருக்கும்லா? நீ இதத்தான படிச்சிருக்க, சொல்லு."

"தெரியாது மதினி," என்றேன். "புண்ணு ஆழமா இருந்துது. நல்ல மருந்து போட்டும் வெரல எடுக்க வேண்டி வந்தவங்க இருக்காங்க. சத்தியமா யாராலயும் சொல்ல முடியாது."

அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார்.

"எனக்காவப் பொய் சொல்லாத ஏட்டி," என்றார்.